ஹைபிரிட் காரில் பிளொக் ஹீற்றர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவிலிருந்து வின்னிபெக்குக்கோ எட்மன்டனுக்கோ வேலை மாறி வரும் நம்மவர்களிற் பலர் பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் காருடன் வருகிறார்கள். முதல் குளிர்காலத்திலேயே அயலவர்களின் கார்களின் முன்புறம் தொங்கும் மின்பிளக்குகளைக் கண்டு, தமக்கும் ஒன்று வேண்டுமா என்று கேட்கிறார்கள். ரொயோட்டாவின் ஹைபிரிட் காரான பிரியஸ் ஒன்றைப் பல குளிர்காலங்கள் வின்னிபெக்கில் ஓட்டியவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதுகிறேன்.

பிளொக் ஹீற்றர் என்றால் என்ன?

எஞ்சினின் உலோக உடலை, அதாவது பிளொக்கை, கார் நிற்கும்போதே மின்சாரத்தால் சூடாக்கும் ஒரு சிறு கருவி அது. ஒரு முனை எஞ்சினுக்குள் பொருத்தப்பட்டிருக்கும். மறுமுனையில் உள்ள பிளக், காரின் முன்புறக் கிறில் வழியாக வெளியே வரும். வீட்டுச் சுவரிலோ தரிப்பிடக் கம்பத்திலோ உள்ள சாதாரண 120 வோல்ற் மின்குதையில் அதைச் செருகினால் போதும். அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்தில், கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரைச் சேர்ந்த அன்ட்ரூ ஃபிறீமன் என்பவர் இதன் முன்னோடியான கருவிக்கு 1949 இல் காப்புரிமை பெற்றார். எஞ்சினின் தலைப்பகுதியை இறுக்கிப் பிடிக்கும் போல்ற்றுகளில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொருத்துவதாக அவருடைய கருவி இருந்தது. கிராண்ட் ஃபோர்க்ஸிலிருந்து வின்னிபெக் அதிக தூரமில்லை. இரண்டு ஊர்களுக்கும் ஒரே குளிர்தான்.

என் ஹைபிரிட் −30 பாகையிலும் பொத்தானை அழுத்தியதும் ஸ்டாட் ஆகிறது. பிறகு எனக்கு இது எதற்கு?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். இதற்குச் சரியான விடை தெரியாததால்தான் ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் பிளொக் ஹீற்றர் தமக்குத் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

சாதாரணப் பெற்றோல் காரில், குளிரில் கூழ்போலத் தடித்துவிட்ட எண்ணெய்க்குள் கிடக்கும் எஞ்சினை, குளிரால் வலுவிழந்த ஒரு 12 வோல்ற் பற்றரி சிறிய ஸ்டாட்டர் மோட்டரைக் கொண்டு சுழற்றவேண்டும். அந்தக் காரில் பிளொக் ஹீற்றரின் முதல் வேலை, கார் ஸ்டாட் ஆவதை உறுதிசெய்வது. பிரியஸ் போன்ற முழு ஹைபிரிட்டில் நிலைமை வேறு. அங்கே 12 வோல்ற் பற்றரி கணினிகளை விழிக்கச்செய்து, உயர் வோல்ற் பற்றரியின் இணைப்புகளை மூடுவதோடு சரி. எஞ்சினைச் சுழற்றுவது ஏறத்தாழ 200 வோல்ற் பற்றரியில் இயங்கும் பெரிய மோட்டர்-ஜெனரேற்றர். அது எஞ்சினை நல்ல வேகத்துக்குச் சுழற்றிய பிறகே எரிபொருள் உள்ளே விடப்படுகிறது. ஆகவே ஸ்டாட் ஆவது பெரும்பாலும் பிரச்சினையே இல்லை.

பிரச்சினை எஞ்சினை நிறுத்துவதில் இருக்கிறது. ஹைபிரிட்டின் சிக்கனத்தில் பெரும்பகுதி, தேவையில்லாத நேரத்தில் எஞ்சினை அணைத்துவிடும் திறமையில்தான் தங்கியிருக்கிறது. ஆனால் எஞ்சினுக்குள் சுற்றியோடும் குளிரூட்டித் திரவமான கூலன்ற் குறிப்பிட்ட வெப்பநிலையை எட்டும்வரை, கார் சிவப்பு விளக்கில் நின்றாலும் இறக்கத்தில் உருண்டாலும், கணினி எஞ்சினை அணைக்க விடாது. இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸ்களில் முதல் தளர்வு ஏறத்தாழ 40 பாகையிலும், முழுச் சுதந்திரம் ஏறத்தாழ 70 பாகையிலும் கிடைக்கின்றன. −25 பாகையிற் கிடந்த எஞ்சின் 70 பாகைக்கு ஏற 95 பாகை தூரம் கடக்கவேண்டும். வேலைக்குப் போகும் தூரம் ஏழெட்டுக் கிலோமீற்றர்தான் என்றால், அந்த இலக்கை எட்டும் முன்பே நீங்கள் அலுவலக வாசலில் நிற்பீர்கள். அதாவது, ஹைபிரிட்டுக்கு விலை கொடுத்துவிட்டுச் சாதாரணக் காரை ஓட்டியிருப்பீர்கள். சாதாரணக் காரில் ஸ்டாட் செய்ய உதவும் கருவி ஹைபிரிட்டில் எஞ்சினை விரைவில் நிறுத்த உதவுகிறது. இந்த வேறுபாட்டை மனதிற் கொண்டால் கீழேயுள்ள பதில்களிற் பலவற்றை நீங்களே ஊகித்துவிடலாம்.

எரிபொருளில் உண்மையில் எவ்வளவு மிச்சம்?

முதலில் குளிர் எவ்வளவைத் தின்கிறது என்று பார்ப்போம். அமெரிக்க அரசின் எரிபொருட் சிக்கனத் தகவலின்படி, நகருக்குள் ஓடும்போது, 25 பாகையோடு ஒப்பிடும்போது −7 பாகையில் சாதாரணப் பெற்றோல் காரின் சிக்கனம் ஏறத்தாழ 15 சதவீதம் குறைகிறது. ஹைபிரிட்டிலோ 30 முதல் 34 சதவீதம் வரை குறையலாம். ஹைபிரிட் குளிரில் மோசமான கார் என்பது இதற்குப் பொருளன்று. இழப்பதற்கு அதனிடம் அதிகம் இருக்கிறது, அவ்வளவுதான். −7 பாகை என்பது வின்னிபெக்கில் மார்கழி மாதத்தின் ஒரு நல்ல நாள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பிளொக் ஹீற்றர் இதில் எவ்வளவைத் திருப்பித் தரும்? −20 பாகையில் மொத்த எரிபொருட் சிக்கனம் 10 சதவீதம் வரை மேம்படலாம் என்று கனடாவின் இயற்கை வளங்கள் அமைச்சு கூறுகிறது. அது பொதுவாக எல்லாக் கார்களுக்குமான கணக்கு. உங்கள் காரில் எவ்வளவு என்பது பயணத்தின் நீளத்தைப் பொறுத்தது. முதல் பத்து நிமிடங்களில்தான் முழு இலாபமும் கிடைக்கிறது. ஒரு மணிநேரம் நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கு அந்தப் பத்து நிமிடம் சிறு பங்கு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்புபவருக்கு அதுவே முழுப் பயணம்.

பணக் கணக்கு வேண்டுபவர்களுக்கு: பிரியஸின் ஹீற்றர் 400 வாற். இரண்டு மணிநேரம் செருகினால் 0.8 கிலோவாற் மணி. மின்சாரம் ஒரு கிலோவாற் மணிக்கு 10 சதம் எனக் கொண்டால், செலவு 8 சதம். பெற்றோல் லீற்றருக்கு ஒன்றரை டொலர் என்றால், அந்த 8 சதத்துக்கு 53 மில்லிலீற்றர் பெற்றோல்தான் கிடைக்கும். குளிர்ந்த எஞ்சின் சும்மா நின்றபடி சில நிமிடங்களிற் குடித்துவிடும் அளவு அது. ஆகவே கணக்கு இலாபத்தில்தான் முடியும். ஆனால் ஹீற்றரின் விலையும் பொருத்தும் கூலியும் சேர்ந்து சில நூறு டொலர்கள் ஆகிவிட்டால், அதை மீட்கப் பல குளிர்காலங்கள் பிடிக்கும் என்பதையும் மறைக்கக்கூடாது. பணத்துக்காக மட்டும் என்றால் நான் யாரையும் வற்புறுத்தமாட்டேன். எஞ்சினின் ஆயுள், புகையின் அளவு, காலையில் சற்று முன்னதாக வரும் வெப்பம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே இது பொருந்தும்.

எஞ்சினின் ஆயுளுக்கு என்ன நன்மை?

எஞ்சின் தேய்வதில் கணிசமான பங்கு, எண்ணெய் எல்லா இடங்களுக்கும் சரியாகப் பரவாத முதல் நிமிடங்களில்தான் நிகழ்கிறது. அத்துடன், குளிர்ந்த எஞ்சினுக்குள் அதிகமாக விடப்படும் பெற்றோலில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர்ச் சுவர் வழியே வடிந்து எண்ணெயோடு கலக்கிறது. எரிதலில் உண்டாகும் நீராவியும் குளிர்ந்த உலோகத்தில் படிந்து நீராகி எண்ணெய்க்குள் இறங்குகிறது. நெடும்பயணத்தில் எண்ணெய் நன்றாகச் சூடேறும்போது இவை ஆவியாகி வெளியேறிவிடும். குறுகிய பயணங்கள் மட்டுமே ஓடும் ஹைபிரிட்டில், எஞ்சின் இடையிடையே அணைந்தும் விடுவதால், அந்த வாய்ப்பு இன்னும் குறைவு. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால்கோப்பி நிறத்தில் ஒரு பசை படிந்திருந்தால், அது பெரும்பாலும் இந்த நீர்தான். ஹீற்றர் இதை முற்றாகத் தடுக்காது, குறைக்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது அரைமணிநேரம் நெடுஞ்சாலையில் ஓடுவதே நல்ல மருந்து.

எத்தனை பாகைக்குக் கீழே போனால் செருகவேண்டும்? ரொறன்ரோவில் இது தேவையா?

வின்னிபெக், எட்மன்டன் ஆகியவை அமைந்த புல்வெளி மாகாணங்களில், −15 அல்லது −20 பாகைக்குக் கீழே போனால் செருகு என்பது வழக்கம். அது ஸ்டாட் ஆகுமா என்ற கவலையிலிருந்து பிறந்த விதி. ஹைபிரிட்டில் நோக்கம் வேறு என்பதால் எல்லையும் மேலே போகிறது. பூச்சிய பாகையிற்கூட இரண்டு மணிநேரம் செருகிய எஞ்சின், செருகாத எஞ்சினைவிட முன்னதாக அணையத் தொடங்கும். நான் −5 பாகைக்குக் கீழே போனாற் செருகுவேன். அதற்கு மேலே சோம்பல் வென்றுவிடும்.

ரொறன்ரோவில் தை மாத இரவுகள் சராசரியாக −6, −7 பாகை. அங்கே இது அவசியம் என்று சொல்லமுடியாது. நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நிறுத்துபவருக்கு ஒரு பயனும் இல்லை. வெளியே நிறுத்தி, காலையில் ஐந்து கிலோமீற்றர் ஓடுபவராயின், யோசிக்கலாம். வின்னிபெக்கில் தை மாத இரவுகளின் சராசரியே −20 பாகையை ஒட்டியிருப்பதால் இங்கே அந்த விவாதம் எழுவதில்லை.

எவ்வளவு நேரம் செருகவேண்டும்? இரவு முழுவதும் விட்டால் இன்னும் நல்லதா?

இரண்டு மணிநேரம் பெரும்பாலும் போதும். கடுங்குளிரில் மூன்று. அதற்குமேல் விடுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் நிறைப்பதற்கு ஒப்பானது. எஞ்சின் சுற்றியுள்ள காற்றைவிட எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு வேகமாக வெப்பத்தை இழக்கிறது. ஒரு கட்டத்தில் ஹீற்றர் கொடுக்கும் 400 வாற்றும் வெளியே கசியும் வெப்பமும் சமமாகிவிட, வெப்பநிலை அதே இடத்தில் நின்றுவிடும். என் காரில், காற்று அதிகமில்லாத இரவில், முதல் இரண்டு மணிநேரத்தில் கூலன்ற் 15 முதல் 20 பாகை வரை ஏறுவதைக் கண்டிருக்கிறேன். பிறகு ஏற்றம் மந்தமாகிவிடும்.

பத்து மணிநேரம் விட்டால் 4 கிலோவாற் மணி செலவாகும். குளிர்காலத்தில் 120 நாட்கள் செருகுவதாகக் கொண்டால், இரண்டு மணிநேரக் கணக்குக்கு 96 கிலோவாற் மணி. இரவு முழுவதற்கும் 480. மேலே கண்ட இலாபக் கணக்கு முழுவதும் அங்கே கரைந்துபோகும். ஆகவே வெளிப்புறப் பாவனைக்கு உகந்த ரைமர் ஒன்றை வாங்குங்கள். காலை ஏழு மணிக்குப் புறப்படுபவர் ஐந்து மணிக்கு இயங்குமாறு வைத்தால் போதும். சுழல்தட்டு உள்ள பொறிமுறை ரைமர்கள் −30 பாகையில் உறைந்து நின்று, ஒரு மணிநேரம் பிந்தி வேலை செய்த அனுபவம் எனக்குண்டு. இயலுமானால் ரைமரை வீட்டுக்குள் இருக்கும் குதையில் வையுங்கள்.

ஹைபிரிட்டின் பெரிய பற்றரியை இது சூடாக்குமா? 12 வோல்ற் பற்றரியை?

இரண்டையும் சூடாக்காது. பிரியஸில் பெரிய பற்றரி பின் இருக்கையை ஒட்டி, பயணிகள் பகுதிக்குள் இருக்கிறது. அது கார் உள்ளே சூடாகும்போதுதான் சூடாகும். கடுங்குளிரில் அது கொடுக்கும் வலுவும் வாங்கும் வலுவும் குறைந்திருப்பதால், முதல் சில கிலோமீற்றரில் மின்சாரத்தில் மட்டும் ஓடுவதைக் கார் தவிர்க்கும். பிரேக் பிடிக்கும்போது மீட்கும் மின்சாரமும் குறையும். பிளொக் ஹீற்றர் இதற்கு மருந்தல்ல.

12 வோல்ற் பற்றரி விடயத்தில் ஓர் எச்சரிக்கை. ஹைபிரிட்டில் இது சிறியது; எஞ்சினைச் சுழற்றும் வேலை இதற்கு இல்லாததால், பலமிழந்து வருவது வெளியே தெரியாது. திடீரென ஒருநாள் காலை, பெரிய பற்றரி நிறைந்திருந்தும், எஞ்சின் இளஞ்சூடாக இருந்தும், காரின் கணினிகள் விழிக்கமாட்டா. குளிரில் நின்றுபோன ஹைபிரிட்களைப் பற்றி நான் கேட்ட கதைகளிற் பெரும்பாலானவை இந்தச் சிறு பற்றரியின் கதைகளே. ஐந்து வயதைத் தாண்டியிருந்தால் குளிர்காலத்துக்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

காருக்குள் சீக்கிரம் சூடு வருமா?

வரும், ஆனால் அதிகம் எதிர்பார்க்கவேண்டாம். கண்ணாடியில் வெதுவெதுப்பான காற்று வீசத் தொடங்குவது சில நிமிடங்கள் முந்தும், அவ்வளவே. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. காருக்குள் வெப்பம் கேட்டால், அதைக் கொடுப்பதற்காகவே கணினி எஞ்சினை ஓடவிடும். ஆகவே புறப்பட்டதும் ஹீற்றரை உச்சத்தில் வைத்தால், பிளொக் ஹீற்றர் ஈட்டிக்கொடுத்ததை நீங்களே செலவழித்துவிடுவீர்கள். முதல் ஐந்து நிமிடங்களுக்கு இருக்கைச் சூட்டை மட்டும் பயன்படுத்துங்கள். ஆனால் முன்கண்ணாடியில் பனி படர்ந்திருந்தால் இந்தச் சிக்கனம் எதுவும் வேண்டாம். பார்வை தெளிவாகும்வரை வெப்பத்தை முழுதாகக் கொடுங்கள்.

ரிமோட் ஸ்டாட் இருக்கிறதே, அது போதாதா?

அது உங்களுக்கு வசதி, காருக்கு அன்று. நின்ற இடத்தில் சுமையின்றி ஓடும் எஞ்சின் மிக மெதுவாகச் சூடேறும். பெற்றோலை எரித்து ஓடாமல் நிற்பதற்கு ஹைபிரிட் தேவையில்லை. பிளொக் ஹீற்றரில் இரண்டு மணிநேரம், பிறகு புறப்படுவதற்கு முன் ஒரு நிமிடம், பிறகு முதல் கிலோமீற்றரில் மெதுவான ஓட்டம் என்பதுதான் என் வழக்கம்.

எங்கே பொருத்தப்படுகிறது? நானே பொருத்தலாமா?

பல கார்களில் ஹீற்றர் கூலன்ற்றுக்குள் மூழ்கியிருக்கும். அதைப் பொருத்தக் கூலன்ற்றை வடித்து, பிளொக்கிலுள்ள ஒரு மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் வைத்து, மீண்டும் நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றவேண்டும். மின்சாரக் கூலன்ற் பம்ப் உள்ள ஹைபிரிட்களில் காற்றை வெளியேற்றுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

பிரியஸுக்கு ரொயோட்டா விற்கும் ஹீற்றர் வேறு விதம். அது ஒரு பென்சில் போன்ற கோல். பிளொக்கில் அதற்கென வார்க்கப்பட்ட உலர்ந்த துளைக்குள் செருகப்படும். கூலன்ற்றைத் தொடவேண்டிய தேவையே இல்லை. ஆனால் துளை எளிதில் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை, கண்ணுக்கும் தெரியாது. விரல்நுனியால் தேடித்தான் செருகவேண்டும். பொறுமையும் மெல்லிய கையும் உள்ளவர் செய்யலாம். மற்றவர்கள் வேலைத்தலத்துக்குக் கொடுப்பதே நல்லது.

கொடுத்தாலும் ஒன்றைக் கேட்டு உறுதிசெய்யுங்கள்: கோலின் மேல் வெப்பம் கடத்தும் பசை பூசப்பட்டதா? கோலுக்கும் துளைச் சுவருக்கும் இடையே மெல்லிய காற்றிடைவெளி இருக்கும். காற்று வெப்பத்தை நன்றாகக் கடத்தாது. பசை இல்லாவிட்டால், எஞ்சினுக்குப் போகவேண்டிய வெப்பம் கோலுக்குள்ளேயே தங்கி, அது தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். என் முதல் ஹீற்றரை ஒரு வேலைத்தலத்தில் பசை பூசாமல் செருகிவிட்டார்கள். அடுத்த குளிர்காலத்தின் நடுவில் அது செத்துவிட்டது. கழற்றிப் பார்த்தபோது கோல் வெண்சாம்பல் நிறத்தில், பசையின் சுவடே இன்றி இருந்தது. கணினிகளுக்குள் பயன்படுத்தும் வெப்பப் பசையைப் போன்றதொரு சிறு குழாய்க்குப் பத்து டொலர்கூட ஆகாது.

உத்தரவாதம் பற்றிய கவலை உள்ளவர்கள், உற்பத்தியாளரின் சொந்த ஹீற்றரை முகவரிடமே பொருத்திக்கொள்வது தொந்தரவில்லாத வழி. புல்வெளி மாகாணங்களில் விற்கப்படும் புதிய கார்கள் பலவற்றில் அது ஏற்கெனவே இருக்கும். கிறிலுக்குப் பின்னால் பிளக் சுருட்டிக் கட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் தேடிப்பாருங்கள்.

என்னுடையது 2004 முதல் 2009 வரையிலான பிரியஸ். அதில் வெந்நீர்க் குடுவை இருக்கிறதாமே?

உண்மைதான், நல்ல சுவையான விடயமும்கூட. வட அமெரிக்காவில் விற்கப்பட்ட அந்தத் தலைமுறைக் கார்களில், தேநீர்த் தேர்மஸ் போன்ற ஓர் உருளைக்குள் ஏறத்தாழ 3 லீற்றர் சூடான கூலன்ற் சேமிக்கப்படும். மூன்று நாட்கள் வரை சூடு தாங்கும். ஸ்டாட் செய்யும் நேரத்தில் ஒரு சிறு பம்ப் அதை எஞ்சின் தலைக்குள் தள்ளிவிடும். நோக்கம் முக்கியமாகப் புகையைக் குறைப்பது. அது எஞ்சின் தலையைச் சூடாக்குகிறது, பிளொக் ஹீற்றர் அடியுடலைச் சூடாக்குகிறது, ஒன்றுக்கொன்று பகையில்லை. அடுத்த தலைமுறையில் ரொயோட்டா இதைக் கைவிட்டு, வெளியேறும் புகையின் வெப்பத்தைக் கூலன்ற்றுக்கு மீட்கும் முறைக்கு மாறியது.

எண்ணெய்ச் சட்டியில் ஒட்டும் ஹீற்றர், காந்த ஹீற்றர், எண்ணெய் அளக்கும் கோலின் இடத்தில் செருகும் ஹீற்றர் ஆகியவை எப்படி?

சட்டியின் அடியில் ஒட்டும் சிலிக்கோன் தகடு நல்லது. எண்ணெயை நேரே சூடாக்கும், பிளொக் ஹீற்றரோடு சேர்த்தும் பயன்படுத்தலாம். காந்தத்தில் ஒட்டுவது அலுமினியத்தில் ஒட்டாது. பல புதிய எஞ்சின்களின் அடிப்பகுதி அலுமினியம் என்பதால், வாங்கும் முன் குளிர்சாதனப் பெட்டியின் காந்தமொன்றை எடுத்துச்சென்று பாருங்கள். அளவுகோலின் இடத்தில் செருகுவதை வாங்கவேண்டாம்: அது தன்னைத் தொடும் சிறிதளவு எண்ணெயைக் கருக்குமே தவிர எஞ்சினைச் சூடாக்காது.

வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது?

எளிய வழி, மின்தடையை அளப்பது. பிளக்கை எதிலும் செருகாமல், அதன் இரண்டு தட்டைக் கால்களுக்கும் இடையே மல்ரிமீற்றரை வையுங்கள். 120 வோல்ற்றில் 400 வாற் ஹீற்றர் ஏறத்தாழ 36 ஓம் காட்டவேண்டும். முடிவிலி என்றால் ஹீற்றரோ வயரோ அறுந்துவிட்டது. இரண்டு தட்டைக் கால்களில் ஏதாவதொன்றுக்கும் உருண்டை நிலக்காலுக்கும் இடையே தொடர்ச்சி இருந்தால், அதைச் செருகவே கூடாது. மல்ரிமீற்றர் இல்லாதவர்கள், மின்நுகர்வைக் காட்டும் சிறு மானியைக் குதைக்கும் வயருக்கும் இடையில் வைத்து, 400 வாற்றை ஒட்டிய எண் வருகிறதா என்று பார்க்கலாம். காரின் கணினித் தகவல்களைப் படிக்க உதவும் ஓபிடி துளையில் புளூடூத் கருவியைச் செருகி, புறப்படும் முன் கூலன்ற் வெப்பநிலையைக் கைப்பேசியிற் பார்ப்பதே எனக்குப் பிடித்த வழி. காட்டும் எண் வெளி வெப்பநிலையாகவே இருந்தால் ஏதோ பிழை.

சில உற்பத்தியாளர்களின் வயரில் வெப்பக்கட்டுப்பாட்டு ஆளி உண்டு. போதிய குளிர் வரும்வரை அது மின்சாரத்தை விடாது. அப்படிப்பட்ட வயரை வீட்டுக்குள் சோதித்துவிட்டுப் பழுது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

வயர் விடயத்தில் கவனிக்கவேண்டியவை எவை?

400 வாற் என்பது 3.3 அம்பியர்தான், 15 அம்பியர் சுற்றுக்கு அது சுமையே இல்லை. ஆபத்து சுமையில் இல்லை; பழைய வயரிலும் துருப்பிடித்த பிளக்கிலும் இருக்கிறது. மூன்று கால் உள்ள, வெளிப்புறப் பாவனைக்கென்று குறிக்கப்பட்ட, கனடாவின் பாதுகாப்புத் தரத்தைக் காட்டும் சிஎஸ்ஏ முத்திரை உள்ள நீட்டிப்பு வயரையே பயன்படுத்துங்கள். வயரின் தடிப்பைக் குறிக்கும் கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும். 14 கேஜ் நல்ல தேர்வு. மலிவான வயரின் உறை −30 பாகையில் தடிபோல விறைத்து, மடித்தால் வெடித்துவிடும். தேவையான நீளத்துக்குமேல் வாங்காதீர்கள், சுருட்டியபடி பயன்படுத்தாதீர்கள், பனி அள்ளும் பாதையிற் போடாதீர்கள். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் பிளக்கின் கால்களைப் பாருங்கள்: பச்சை பூத்திருந்தாலோ பிளாஸ்ரிக் பழுப்பேறி உருகியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். சாலையுப்பு இந்தப் பிளக்குகளைத் தின்றுவிடும்.

கராஜுக்குள் நிறுத்தினால் செருகலாமா?

செருகலாம், மின்சார ஹீற்றரிலிருந்து புகை வராது. ஆனால் ஹைபிரிட்டுக்கே உரிய ஓர் ஆபத்தை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். ஹைபிரிட் 'ரெடி' நிலையில், அதாவது ஓடத் தயாராக, இருக்கும்போது எஞ்சின் அணைந்து, சத்தமே இல்லாமல் நிற்கும். அதை அணைத்துவிட்டதாக நினைத்து நீங்கள் வீட்டுக்குள் போனால், பற்றரி இறங்கியதும் எஞ்சின் தானே இயங்கத் தொடங்கி, மூடிய கராஜை கார்பன் மொனொக்சைட்டால் நிரப்பும். வீட்டோடு ஒட்டிய கராஜாயின் அது உயிராபத்து. பிளக்கைச் செருகப் போகும்போதெல்லாம் காட்சிப்பலகை இருண்டிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியும் இருக்கட்டும்.

என்னுடையது பிளக்-இன் ஹைபிரிட். அதற்கும் வேண்டுமா?

பிளக்-இன் ஹைபிரிட் என்பது சுவர் மின்சாரத்திலும் பற்றரியைச் சார்ஜ் செய்யக்கூடியது. உங்கள் தினசரிப் பயணம் முழுவதும் மின்சாரத்திலேயே முடிந்தால் வேண்டாம். ஆனால் பிரியஸ் பிரைம் போன்ற சிலவற்றில், ஏறத்தாழ −10 பாகைக்குக் கீழே காருக்குள் வெப்பம் கேட்டால், பற்றரி நிறைந்திருந்தாலும் எஞ்சின் இயங்கத் தொடங்கிவிடும். வின்னிபெக்கில் அப்படிப்பட்ட நாட்களே அதிகம் என்பதால், இங்கே பயனுண்டு. ஏற்கெனவே சார்ஜ் வயரைச் செருகும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு வயர் பெரிய சுமையில்லை. சார்ஜ் செய்யும் சுற்றிலேயே இதையும் செருகாமல் வேறு சுற்றுப் பயன்படுத்துங்கள்.

கிறிலை அடைத்தால் சூடு தங்குமாமே?

தங்கும். மேல் கிறிலின் இடைவெளிகளில் குழாய்க்கு உறையிடும் நுரைத்துண்டுகளைச் செருகுவது பிரியஸ்காரர்களின் பழைய கைவேலை. ஹீற்றர் புறப்படும் முன் கொடுத்த சூட்டை, ஓடும்போது காற்று பறிக்காமல் இது காக்கும். ஆனால் பற்றரியின் மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றவாறு மாற்றும் இன்வேற்றருக்கும் தனியான குளிரூட்டல் உண்டு என்பதால், காற்று முற்றாக நின்றுபோகுமாறு எல்லாத் திறப்புகளையும் அடைக்கக்கூடாது. வெளியே 10 பாகையைத் தாண்டும் நாள் வந்தால் கழற்றிவிடவேண்டும். கிறிலைத் தானே மூடித் திறக்கும் வசதியுள்ள புதிய கார்களில் இந்த வேலை தேவையில்லை.

வீட்டில் வெளிக்குதை இல்லை. வேலையிடத்தில் செருகலாமா?

புல்வெளி மாகாணங்களில் பல வேலையிடங்களிலும் தொடர்மாடிகளிலும் தரிப்பிடத்துக்குத் தரிப்பிடம் குதைக் கம்பம் இருக்கும். சில இடங்களில் மின்சாரம் தொடர்ந்து வராது. சிக்கனத்துக்காக வரிசைகளுக்கு மாறி மாறி விடுவார்கள். எட்டு மணிநேரம் நிற்கும் காருக்கு அதுவே போதும். உண்மையில் மாலைப் பயணத்தின்போதும் எஞ்சின் காலையைப் போலவே உறைந்திருப்பதால், வேலையிடத்துக் குதையைப் பயன்படுத்தாதவர் இலாபத்தில் பாதியை விட்டுவிடுகிறார். பின்லாந்திலும் சுவீடனிலும் நோர்வேயிலும்கூட இவ்வாறான கம்பங்கள் உண்டு. பின்லாந்தின் கம்பங்களிற் பலவற்றில் ரைமரும் சேர்ந்தே வரும். அங்கே 230 வோல்ற் என்பதால், கனடாவில் வாங்கிய ஹீற்றரை அங்கேயோ அங்கே வாங்கியதை இங்கேயோ பயன்படுத்தமுடியாது.

செருகியதை மறந்து காரை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

எல்லோரும் ஒருமுறையாவது செய்வார்கள். நான் இரண்டுமுறை செய்திருக்கிறேன். ஹைபிரிட் சத்தமின்றி நகர்வதால் மறதி இன்னும் எளிது. பெரும்பாலும் பிளக் தானே கழன்றுகொள்ளும். கழலாவிட்டால் நீட்டிப்பு வயரோ கிறிலோ சுவர்க் குதையோ உடையும். மோசமான நாளில் ஹீற்றரின் சொந்த வயர் எஞ்சினோடு சேருமிடத்தில் அறும். நடந்துவிட்டால், மேலே சொன்ன 36 ஓம் சோதனையைச் செய்தபிறகே மீண்டும் செருகுங்கள். நீட்டிப்பு வயரின் முனையை எப்போதும் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைச் சுற்றி ஒருமுறை போட்டுவிட்டு முன்னே கொண்டுசெல்லுங்கள். கதவைத் திறக்கும்போது வயர் கையில் தட்டும்.